ஞாயிற்றுக்கிழமை மழை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து, அதில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். கை துறுதுறுக்கும். எதையாவது போட்டு நிரப்பிவிட்டால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, நிரப்பினேன். அதனால் நாற்பது வீட்டுக்காரர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கவேண்டிய நிலைமை வரப் பார்த்தது. மழைமானியை எங்கே வைப்பது, எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் வேறு வாசித்துக் காட்டி உங்கள் சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்க வேண்டாம். நான் அடித்த கூத்தை மட்டும் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாகர்கோவில் மராமத்து ஆபீசில் மழைக்கணக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஆறு, குளம், கால்வாய் எல்லாம் மராமத்து இலாகாவின் கையில்தான் இருந்தன. பூதப்பாண்டியில் என் அப்பாவுக்கு நெல் வயல். மகனுக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்ததை அவர் ஊர் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்த உத்தியோகத்துக்கு வேட்டு வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

மழை அளந்தவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல. மலையிலிருந்து கடற்கரை வரைக்கும் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு பைசா சம்பளம் வாங்காமல் அளந்தார்கள். ஒரு செம்பு மழைமானி, ஒரு கண்ணாடி அளவுக்குழாய், அச்சடித்த அஞ்சல் கார்டுகள், இவ்வளவுதான் அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது. மணவாளக்குறிச்சிப் பள்ளிக்கூட வாத்தியார் மழையோடு கடலின் நிறம் மாறுவதையும், சாளை மீன் எந்த வாரம் வலையில் விழ ஆரம்பித்தது என்பதையும் எழுதுவார். எங்கள் ஊர் விவசாயி ஒருவர் மடையான் கொக்குகள் வயலில் வந்து இறங்கும் நாளைக் குறிப்பார். கேட்காமலே எழுதினார்கள். ஆபீசில் நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம். எங்கள் இஞ்சினியர் மட்டும் சிரிக்கமாட்டார், எடுத்து வைத்துக்கொள்வார்.

அருமனைக்கு அப்பால் மலையடிவாரத்தில் அளந்தவர் ஒரு உபதேசியார். பாதிரியார் வந்து தங்காத சின்ன ஊர்களில் சபையாருக்கு ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவருடைய வேலை. அவர் கார்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு கையெழுத்து. ஒரே ஒரு குறைதான். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பார். ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை. மழைமானியைத் தூக்கிப் பார்ப்பதும் வேலைதான். சனியும் ஞாயிறும் பெய்தது பாத்திரத்திலேயே கிடக்கும். திங்கள் காலையில் மொத்தமாக அளந்து எழுதுவார். எனக்கு முன்பிருந்த குமாஸ்தா அதை அப்படியே திங்களில் எழுதிவிட்டு ஞாயிற்றைக் காலியாக விட்டிருந்தார். முதல் வருஷம் நானும் அப்படியே செய்தேன்.

அந்த வருஷ அட்டவணையை இஞ்சினியரிடம் கொண்டுபோனபோது அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னவே, நடுவில ஓட்டை ஓட்டையாக் கிடக்கு?" என்றார்.

அவர் சும்மா கேட்டார். கேட்டுவிட்டு வேறு காகிதத்துக்குப் போய்விட்டார். எனக்கோ முகம் செத்துப்போயிற்று. அடுத்த வருஷம் ஓட்டையே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். திங்கள்கிழமை நாலு அங்குலம் என்று கார்டு வந்தால், ஞாயிற்றுக்கு இரண்டு, திங்களுக்கு இரண்டு என்று பாதியாகப் பிரித்தேன். மாதத்தின் மொத்தம் மாறவில்லை, வருஷத்தின் மொத்தம் மாறவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அட்டவணை பளிச்சென்று இருந்தது. "இந்தத் தடவை லட்சணமா இருக்கே" என்று இஞ்சினியர் சொன்னார். பிரித்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இப்படியே மூன்று வருஷம்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். உபதேசியாருடைய மலைச்சரிவிலிருந்து இறங்கும் சின்ன ஆறு கோதையாற்றில் போய்ச் சேருகிறது. சேருவதற்கு முன்னால் ஒரு படித்துறை உண்டு. அங்கே தேங்காய்க் கதம்பலை ஆற்றில் ஊறப்போட்டு, அடித்து, நார் திரிக்கும் ஒரு பெண் இருந்தாள். தாயம்மை என்று பெயர். நான் சேருவதற்கு நாலு வருஷம் முன்பே இஞ்சினியர் முகாம் போன இடத்தில் அவளைப் பார்த்து, தினமும் எத்தனை படி முங்குகிறது என்று எண்ணிச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். எழுதத் தெரியாதே என்றாளாம். பிறகு அவளே ஒரு வழி சொல்லியிருக்கிறாள். வாரத்துக்கு ஒரு கயிறு, ஒரு நாளுக்கு ஒரு சாண். எத்தனை படி முங்கியதோ அந்தச் சாணில் அத்தனை முடிச்சு. ஒன்றும் முங்கவில்லை என்றால் முடிச்சே இராது. காய்ச்சல் வந்தோ, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயோ பார்க்க முடியாத நாளில் அந்தச் சாணில் ஒரு துணிக்கந்தல் கட்டியிருக்கும். சந்தைக்கு வரும் வண்டிக்காரர் வாரா வாரம் கயிற்றை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவார். முடிச்சை எண்ணி எழுதுவதும் என் வேலைதான். ஆபீசில் என்னைக் 'கயிறு குமாஸ்தா' என்று கேலி செய்தார்கள், போகட்டும்.

நான் சேர்ந்த மறுவருஷம் அந்தச் சரிவில் நாற்பது குடும்பங்கள் குடியேறின. சொந்தமாகக் கையகல நிலம்கூட இல்லாத சபையார். உபதேசியார் மனு எழுதி, அலையாக அலைந்து, சர்க்காரிடமிருந்து அந்த நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வாங்கிக்கொடுத்து, தானும் அவர்களோடு ஒரு வீடு போட்டிருந்தார். முதலில் மூன்று வருஷம் பார்ப்போம், பிறகு புதுப்பிக்கலாம் என்று உத்தரவு. காட்டை வெட்டி மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகுக் கொடியும் வைத்தார்கள். மூன்று வருஷம் முடிகிற சமயத்தில் மேலிடத்திலிருந்து எங்கள் இஞ்சினியருக்குக் கடிதம் வந்தது. அந்தச் சரிவில் குடியிருப்பு தொடர்ந்தால் ஆற்றுக்குக் கெடுதல் உண்டா, அபிப்பிராயம் சொல்லவும். அவர் ஒரு வரி எழுதினால் போதும், நாற்பது வீடும் நிற்கும் அல்லது போகும்.

அவர் அவசரப்பட்டு எழுதுகிற ஆள் இல்லை. பழைய அட்டவணை, புதிய அட்டவணை, கயிற்றுக் கணக்கு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இங்க பாரும். காடு இருந்த காலத்தில நாலு அங்குலம் பெஞ்சாத்தான் எட்டுப் படி முங்கும். இப்பம் ரெண்டு அங்குலத்துக்கே எட்டு முங்குது. மலை தண்ணியப் பிடிச்சு வைக்க மாட்டேங்குது வே! அத்தனையும் ஒரேயடியா ஆத்துக்கு வந்திருது."

அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்த தேதிகளைப் பார்த்தேன். பெரிய மழை நாட்கள் அவை. ஒவ்வொன்றும் என்ன கிழமை என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். முக்கால்வாசி திங்கள். நாலு அங்குலம் இரண்டாகச் சுருங்கியது மலையில் அல்ல, என் பேனாவில்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர்தான். நான் சொன்னது என்ன தெரியுமா? "சரியாத்தான் ஐயா இருக்கு." இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நாளைக்கு உங்களுக்கும் அப்படி ஒரு நிமிஷம் வரும்.

இஞ்சினியர் நியாயஸ்தர். முகத்துக்கு நேரே காரணம் சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்று உபதேசியாரைக் கடிதம் போட்டு வரவழைத்தார். ஒரு வியாழக்கிழமை அவர் வந்தார். வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் குடை, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். இஞ்சினியர் அட்டவணையை அவர் முன்னால் நகர்த்தி, ஒவ்வொன்றாக விளக்கினார். உபதேசியார் விளக்கத்தைக் காதில் வாங்கினாரோ இல்லையோ, விரலை ஒரே பத்தியில் மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே போனார்.

"ஐயா, எனக்க ஞாயிறாச்சயில இந்த அளவ எழுதினது ஆரு?"

"உம்முடைய கார்டில உள்ளதுதானே?"

"எனக்க கார்டில ஞாயிறாச்சைக்கு நான் ஒரு கோடுதான் போடுவேன். பதினெட்டு வருசமா சபையில நிண்ணு ஓய்வுநாள ஆசரிக்கணும்னு சொல்லுகேன். இந்தக் கடலாசு என்ன சொல்லுது? உபதேசியாரு ஆராதனைய விட்டுட்டு மழைத்தண்ணிய அளந்துட்டு நிண்ணாருன்னு சொல்லுது!" அவருடைய குரல் உயர்ந்து, பக்கத்து அறையில் தட்டச்சு நின்றுவிட்டது. "எங்க நெலம் போனாலும் போவட்டு. நான் செய்யாத்தத செஞ்சேன்னு சர்க்காரு கடலாசில எழுதப்பிடாது."

நாற்பது வீடு போகப்போகிறது, இந்த மனிதர் கட்டத்துக்காகச் சண்டை போடுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் சண்டை போட்ட இடம்தான் சரியான இடம் என்று அப்போது உறைக்கவில்லை.

இஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். "என்னவே?"

"கார்டைப் பார்த்துத்தான் ஐயா சொல்லணும். கட்டு கட்டாக் கிடக்கு, தேடணும்" என்றேன்.

"திங்கக்கிழமை எல்லாக் கார்டும் எனக்க மேசையில இருக்கணும். நீரும் வாரும் உபதேசியாரே."

கார்டுகள் இருந்த பீரோவின் சாவி என் மடியில்தான் இருந்தது. எங்கள் ஆபீசில் கரையான் இல்லாத பீரோ கிடையாது. கார்டுக் கட்டுகளில் நாலைக் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படி நினைத்ததை உங்களிடம் மறைக்கவில்லை. அதைவிடக் கேவலமான ஒரு யோசனையும் வந்தது. மழைக்கணக்கு சரி, படிக்கணக்குதான் தப்பு என்று ஆகிவிட்டால்? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், கயிற்றில் முடிச்சு. ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்திருக்கும் என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எந்தத் தப்பும் யார் தலையிலும் விடியாமல் கலைந்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் குழித்துறைக்குப் பஸ் ஏறி, மீதி தூரம் நடந்து, படித்துறைக்குப் போனேன்.

தாயம்மை முட்டளவு தண்ணீரில் நின்று கதம்பலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் சிரித்தாள்.

"எனக்க கயித்தப் படிக்கிய சாரா? வாருங்க, வாருங்க. முடிச்சு அவுந்து போச்சா?"

"இல்லம்மா. மழை நாள்ல, அதும் திங்கள்கிழமைகள்ல, படி எண்ணுறதுல ஒன்று ரெண்டு தப்பியிருக்குமோன்னு..."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கரையேறி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சாரே, காணாத்ததுக்கு முடிச்சு போட எனக்கு என்ன கிறுக்கா? பாத்தா முடிச்சு. பாக்கல்லன்னா கந்தலு. எனக்க மவளுக்குப் பேறுகாலம் பாக்கப் போனப்பம் பதினோரு நாளு கந்தலாத்தான கெட்டி விட்டேன்? பக்கத்து வீட்டுக்காரி, சும்மா மூணு நாலுன்னு போடு, ஆரு வந்து பாக்கப் போறான்னு சொன்னா. ஆரும் பாக்கல்லன்னாத்தான ஏட்டி நாம சரியாச் செய்யணும்னு அவள வெரட்டி விட்டேன்."

பேச்சை மாற்ற, ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் சொன்னது என்னை இன்னும் பெரிய குழப்பத்தில் தள்ளிவிட்டது.

"ஆறு மாறித்தான் போச்சு. முந்தி மழ விட்ட பொறவும் ரெண்டு நாளு தண்ணி கெடக்கும். இப்பம் கொஞ்சம் வெரசலா வருது, வெரசலா எறங்குது. செவப்பாட்டும் வருது."

ஆஹா! அப்படியானால் இஞ்சினியர் கண்டுபிடித்தது உண்மைதானே? நான் பிரித்த பிரிவு தப்பாக இருக்கலாம், போய்ச் சேர்ந்த இடம் சரிதானே? பிறகு எதற்கு நான் வலியப் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும்? ஆற்றுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மடியிலிருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு கேள்வி கேட்டேன்.

"அந்தச் சரிவுல குடியேறினாங்களே, அவங்க காட்டை வெட்டினதாலதானே?"

தாயம்மை மலையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கும் மேலே, உச்சிப் பக்கம், தோட்டக்காரர்கள் ரப்பருக்காக வெட்டிய மொட்டை நிலம் தெரிந்தது. அந்தப் பக்கம் இன்னொரு பெரிய சரிவு எரிந்து கிடந்தது.

"அது எனக்குத் தெரியாது சாரே. நான் படியைத்தான பாத்தேன். மலையப் பாக்கல்லியே" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. ஆறு மாறியிருக்கிறது என்று மட்டும்தான் அவள் சொன்னாள். யாரால் என்று சொல்ல அவளிடம் கயிறு இல்லை, அதனால் சொல்லவில்லை. அதைச் சொல்லியது என் அட்டவணை ஒன்றுதான். அது என் புளுகு. புளுகு போய் உண்மையின் வாசலில் நின்றாலும் அது புளுகுதான் என்று அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

திங்கள் காலையில் கார்டுக் கட்டுகளை மேசையில் வைத்தேன். உபதேசியார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "ஞாயிறு எல்லாம் நான் போட்டது ஐயா. திங்களைப் பாதியாப் பிரிச்சுப் போட்டேன். மூன்று வருஷமா" என்றேன்.

இஞ்சினியர் நாலைந்து கார்டுகளை எடுத்து அட்டவணையோடு ஒத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னத்துக்கு வே?"

"ஓட்டையா இருக்குன்னு நீங்க..."

"நான் ஓட்டைன்னு சொன்னா, ஆமா ஓட்டைதான், அன்னைக்கு அளக்கல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா? உம்மை நம்பி நாப்பது வீட்டுக்காரனை இறக்கிவிட இருந்தேனே ஓய்! கடிதம் எழுதி உறையில போட்டு வச்சிருக்கேன். இன்னைக்கு அஞ்சல்ல போயிருக்கும்."

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். உறையைக் கிழித்துப் போட்டார். அப்புறம், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், நாற்காலியை இழுத்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உபதேசியார் கார்டைப் படிக்க, நான் எழுத, அவர் கணக்குப் பார்க்க, சாயங்காலம் வரை மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஞாயிறையும் திங்களையும் சேர்த்து ஒன்றாக வைத்துப் பார்த்தால், அதே நாலு அங்குலத்துக்குப் பழைய எட்டுப் படி சில சமயம் எட்டாகவே இருந்தது, சில சமயம் ஒன்பதாகியிருந்தது. மாற்றம் இருந்தது, கொஞ்சமாக. அது நாற்பது வீட்டாலா, உச்சித் தோட்டத்தாலா, எரிந்த சரிவாலா என்று கணக்கு சொல்லவில்லை.

"இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை. முன் தயாரித்த அட்டவணையில் பிழை. பொறுப்பு என்னுடையது" என்று இஞ்சினியர் மேலிடத்துக்கு எழுதினார். என் பெயரை எழுதவில்லை. அதற்குப் பதில் மூன்று வருஷ அட்டவணையையும் என் கையாலே திரும்ப எழுதச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிற்றிலும் சிவப்பு மையில் 'அளக்கப்படவில்லை'. எழுதி எழுதி விரல் வீங்கியது. உத்தியோக உயர்வும் அந்த முறை எனக்கு வரவில்லை. வராதது நியாயம்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கிளம்பப்போன உபதேசியார் வாசலில் நின்று திரும்பினார்.

"ஐயா, அப்பம் எங்களுக்க மரச்சீனி மலையக் கெடுக்குதா, இல்லியா?"

"தெரியல்ல உபதேசியாரே."

"தெரியண்டாமா?"

உபதேசியாரே தொடர்ந்தார். அவர்களுடைய சரிவிலிருந்து மட்டும் ஒரு ஓடை இறங்குகிறது. பக்கத்திலேயே வெட்டாத காட்டிலிருந்து இன்னொரு ஓடை இறங்குகிறது. இரண்டிலும் ஒரு அளவுக்கம்பு நட்டு, நாற்பது வீட்டுக்காரர்களும் முறை வைத்துப் பார்த்து எழுதினால் தெரியாதா என்று கேட்டார். இலாகாவில் நாங்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. பாட்டம் பத்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. கம்புகள் நடப்பட்டன.

பத்து வருஷம் கார்டு வந்தது. ஞாயிற்றில் கோடுதான். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ உபதேசியாரிடமிருந்து தனியாக ஒரு கார்டு வந்தது. 'சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் ஓடையின் அளவை நம்ப வேண்டாம். முறைக்காரர் நிலம் போய்விடுமோ என்று பயந்து குறைத்து எழுதினார். அவரே என்னிடம் வந்து சொல்லிவிட்டார். சரியான அளவு யாருக்கும் தெரியாது, காலியாக விடவும்.' இலாகாவில் இருந்த காலம் முழுக்க எனக்கு வந்த கடிதங்களில் நான் பத்திரப்படுத்தியது அது ஒன்றைத்தான்.

முப்பதுகளின் பாதியில் தவணை முடிந்தது. இஞ்சினியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அபிப்பிராயக் குறிப்புத் தயாரிக்கவேண்டியவன் நான். இரண்டு ஓடைகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காட்டு ஓடை மெதுவாக ஏறி மெதுவாக வடிந்திருந்தது. அவர்களுடையது விறுவிறுவென்று ஏறி மறுநாளே வற்றியிருந்தது. சரிவின் கீழ்ப்பாதியில் மட்டும் சாகுபடி இருந்த வருஷங்களில் வித்தியாசம் அதிகமில்லை. அங்கே கல் அடுக்கிக் கையாலை கட்டியிருந்தார்கள். மேல்பாதியையும் வெட்டிய வருஷத்திலிருந்து வித்தியாசம் கண்ணை உறுத்தியது. சந்தேகத்துக்கு இடமில்லை.

'இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை' என்று ஒரு வரி எழுதிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நல்ல எண்ணத்தில்தான். ஒரு தடவை அவர்களுக்குக் கெடுதல் செய்யப் பார்த்தவன் இந்தத் தடவை நன்மை செய்யட்டுமே என்று. பேனாவை எடுத்து மூடி வைத்தேன், எடுத்து மூடி வைத்தேன். கடைசியில் உபதேசியாருக்கே ஆளனுப்பினேன்.

அவர் வந்து உட்கார்ந்ததும் அட்டவணையை முன்னால் நகர்த்தினேன். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம் தம்பி. எங்க ஆளு எழுதினதத்தான நீரு கூட்டிப் போட்டிருக்கியரு" என்றார். ஒவ்வொரு வருஷமாகப் பார்த்தார். பிறகு, "மேல்பாதிதான், இல்லியா?" என்றார்.

"ஆமா ஐயா. கீழ்ப்பாதிக்கு ஒன்றும் இல்லை. கையாலை தண்ணியைப் பிடிக்குது. மேல் பாதியைக் காட்டுக்கு விட்டாப் போதும்னு எழுதலாம். ஆனா மேலே ஒன்பது வீடு இருக்கு."

"எழுதும்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்டாச்சு. கம்பப் பாக்குதவனுக்கு ஓடை என்ன செய்யுதுன்னு தெரியாதா? போன மாசம் சபையில கூடிப் பேசினோம். கீழ இருக்கியவிய ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கித் தருவாவ. பொண்ணுவதான் கொஞ்சம் அழுதாவ. மொளகுக்கொடி இப்பந்தான் காய்ப்புக்கு வந்துது."

குறிப்பை அவர் முன்னாலேயே எழுதினேன். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார்.

ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் போல இருந்தது. "அந்த ஒன்பது வீடும் யார் யாருடையது ஐயா? கீழே நல்ல இடமாப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி நானும் ஒரு வரி சேர்க்கிறேன்" என்று பேனாவைத் திரும்ப எடுத்தேன்.

உபதேசியார் குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மொதல் வீடு எனக்கதுதான். அதுக்கு ஒண்ணும் எழுதண்டாம்" என்று சொல்லிவிட்டு, அருமனை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.